பிசிறு

கனமான கதவை ஜெபமலர் வெளியிலிருந்து இழுத்துச் சாத்தியதும் ஆஸ்பத்திரியின் அத்தனை சத்தமும் ஒரே வெட்டாக நின்றுபோனது. டோக்கன் கூப்பிடும் குரல், ஊசிக்குப் பயந்து அழுத குழந்தை, லிஃப்டின் மணி எல்லாம் போய், சுகந்தியின் இடது காதுக்குள் கிட்டத்தட்ட ஒரு மாதமாக ஊதிக்கொண்டிருக்கும் அந்த ஊளை மட்டும் மிஞ்சியது. வெளியில் இருக்கும்போது அது எதற்குள்ளாவது ஒளிந்துகொள்ளும், மிக்சிக்குள், பஸ் இரைச்சலுக்குள், சாப்பிடும்போது புருஷன் பூபதி வைக்கிற டிவி நியூசுக்குள். இங்கே ஒளிய இடமில்லை. நான்கு பக்கமும் பொத்தல் போட்ட சாம்பல் நிற அட்டை, ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் குனிந்திருக்கும் ஜெபமலரின் நெற்றி. இந்த ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிற பெண் அவள், கல்லூரி முடித்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம் என்று ஹெட்போனை அவளே மாட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது சிவப்புப் பக்கத்தில் அவள் குரல் வந்தது. "மேடம், போன தடவை மாதிரியேதான். எவ்வளவு சின்னதா கேட்டாலும் பட்டனை அமுக்கிடுங்க. சந்தேகமா இருந்தாலும் அமுக்கலாம், பரவால்ல." சுகந்தி தலையாட்டினாள். சந்தேகமாக இருந்தாலும் அமுக்கலாம். இதைப் போன தடவை சொன்னாளா? சொல்லவில்லை என்று தோன்றியது. போன தடவை நிறைய விட்டுவிட்டோமோ, அதனால்தான் இந்தத் தடவை சேர்த்துச் சொல்கிறாளோ. சந்தேகமில்லாமல் ஒன்றுமே கேட்காத ஒருத்தியிடம் போய்ச் சந்தேகமாக இருந்தாலும் என்றால், பட்டனிலிருந்து விரலை எடுக்கவே வேண்டியதில்லையே.

முதல் சத்தம் வலது காதில் வந்தது, டூட் டூட் டூட் என்று, வழவழப்பாக. அமுக்கினாள். இன்னும் சின்னதாக வந்தது, அமுக்கினாள். வலது காது நல்ல காது, அதற்குப் பரீட்சை ஒரு விளையாட்டு. முப்பத்தாறு வயதில் இவ்வளவு துல்லியமாகக் கேட்கிற காது அபூர்வம் என்று முதல் தடவையே சொன்னார்கள், அதைச் சொன்னபோது பூபதி ஏதோ பரிசு வாங்கினவன் மாதிரி சிரித்தான், அப்புறம் வரைபடத்தில் இடது காதுக்கான கோட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். டூட் டூட். இந்த ஸ்வரம் எங்கேயோ கேட்டது. எங்கே? தெற்குச் சன்னல். ஆமாம், அந்தப் பெயரில் பாடுகிற பையன்களின் முதல் ஆல்பத்தில் 'ஈரத் துண்டு' இப்படித்தான் ஆரம்பிக்கும், பொம்மைக் கீபோர்டில் ஒற்றை ஸ்வரத்தை மூன்று தட்டு, அப்புறம் டிரம்ஸ். பம்ப்செட் கம்பெனியில் அவள் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்த புதிது, சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் கணபதி வரைக்கும் அந்த ஒரே பாட்டுதான். இந்த ஊர்ப் பையன்கள் நான்கு பேர் மொட்டை மாடி ரூமில் பதிவு பண்ணியது, நடுவில் கீழ்வீட்டுக் குக்கர் விசில் ஒன்று விழும், அதை எடுக்காமலே விட்டுவிட்டார்கள். அந்த விசிலுக்காகவே அவள் காத்திருப்பாள், விசில் வந்ததும் ரிஸ்வானாவுக்கு மெசேஜ் போடுவாள், 'பருப்பு வெந்துருச்சு' என்று. ரிஸ்வானா ஹாஸ்டலில் ஒரே ரூமில் மூன்று வருஷம் இருந்தவள், கல்யாணமாகி ஷார்ஜா போய் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பார்க்கிறாள். ஊரும் வீடும் பேச்சும் குறைந்துபோன பிறகும் பாட்டு மட்டும் குறையவில்லை. வருஷா வருஷம் டிசம்பரில் போனில் உட்கார்ந்து அந்த வருஷத்தின் ஒரே ஒரு பாட்டை ஆளுக்கொன்று சொல்வார்கள், சொல்லிவிட்டுச் சண்டை போடுவார்கள். சினிமாப் பாட்டு கிடையாது, அது அவர்களே போட்ட சட்டம். டூட். அமுக்கினாளா? அமுக்கினாள். இல்லை, அமுக்க நினைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெபமலரின் நெற்றியில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல காதிலேயே விட்டுவிட்டால் அதுவும் போகிறது என்று எழுதிவிடுவார்களே, ஒன்று போனால் மற்றதும் போகுமா என்று அவள் கேட்டபோது டாக்டர் 'பெரும்பாலும் போகாது' என்றார், அந்தப் பெரும்பாலும் என்ற வார்த்தை வீட்டுக்குக் கூடவே வந்து, சமையல்கட்டில் நின்று, ராத்திரி தலையணையில் படுத்துக்கொண்டது. வலது காது மெத்தையில் அழுந்தும்படி படுத்தால் உலகமே இல்லை. அதனால் இப்போதெல்லாம் மல்லாந்தே படுக்கிறாள்.

"இப்ப இடது காது மேடம். வலது காதுல மழை பெய்யற மாதிரி இரைச்சல் வரும், அதைக் கண்டுக்காதீங்க." மழை வந்தது. மழைதான், ஆனால் நனையாத மழை, ஆரம்பமும் முடிவும் இல்லாத மழை. நல்ல காதை மழையில் நிற்கவைத்துவிட்டு இப்போது கெட்ட காதைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார்கள். வாடி, உனக்கு என்ன கேட்கிறது சொல்லு. ஊளை கேட்கிறது. அதைத் தவிர? சுகந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள், மூச்சின் சத்தம்கூடக் குறுக்கே வரக்கூடாது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அதோ, ஊளைக்கு ஒரு ஓரத்தில் ஏதோ அசைந்தது போல, அது டூட்டா, ஊளையே ஒரு தரம் விக்கியதா? அமுக்கினாள். அமுக்கின பிறகு திருட்டுத்தனம் செய்ததுபோல் இருந்தது. இல்லாத சத்தத்துக்கு அமுக்கினால் அந்தப் பெண் கண்டுபிடித்துவிடுவாளா? கண்டுபிடிப்பாள், அதற்குத்தானே படித்திருக்கிறாள். கண்டுபிடிக்காவிட்டால் அதைவிட மோசம், காது வந்துவிட்டது என்று எழுதி மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஆக அமுக்கினாலும் தப்பு, அமுக்காவிட்டாலும் தப்பு. காது போன அன்றைக்குக் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள், பூபதி இடது பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டிருக்கிறான், அவள் பேசாமல் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "என்ன, கோவமா?" என்று அவன் முன்னால் வந்து கேட்டபோதுதான் இடது பக்கத்தில் யாருமே இல்லாத மாதிரி இருப்பது தெரிந்தது. தண்ணீர் போயிருக்கும் என்று நினைத்தாள். தலையைச் சாய்த்துக் குதித்தாள். ஆபீசில் ஆடிட் நடந்துகொண்டிருந்தது, போகாமல் முடியாது. மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றினாள், காதில் ஊறி வழிந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. கடைசியில் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா இத்தனை நாள் விட்டீங்க?" காது ஏன் போனது என்பதற்கு அம்மாவிடம் காரணம் தயாராக இருந்தது. விஷயம் தெரிந்த நிமிஷமே அம்மா போனில், "எப்பப் பாரு அந்தக் கருமத்த காதுல மாட்டிக்கிட்டே திரிஞ்சா? நான் எத்தன தடவ சொன்னேன்?" என்றாள். பாட்டு கேட்டதனால் இல்லை என்று டாக்டர் திருத்தமாகச் சொன்னார். அப்புறம் எதனால்? வைரசாக இருக்கலாம், ரத்த ஓட்டமாக இருக்கலாம், பல பேருக்குக் காரணமே தெரியாது. காரணம் தெரியாது என்பதைவிட அம்மா சொன்ன காரணமே தேவலை என்று சில நேரம் பட்டது. குற்றம் என்றால் திருந்தலாம். காரணமே இல்லாத ஒன்றுக்கு என்ன செய்வது, அது இன்னொரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது வலது பக்கமும் வந்து நிற்குமே.

டூட். இது நிஜம். இது ஊளை இல்லை, ஊளைக்குக் கீழே, கனமாக, தூரத்து லாரி ஹாரன் மாதிரி. அமுக்கினாள். இன்னொன்று, கொஞ்சம் சின்னதாக. அமுக்கினாள். சந்தோஷப்படுவதற்குள் தெரிந்துவிட்டது, அந்தச் சத்தம் தப்பான ஸ்வரத்தில் இருந்தது. இதே டூட் வலது காதில் வந்தபோது இந்த இடத்தில் இல்லை, கொஞ்சம் மேலே இருந்தது, இடது காது அதைக் கீழே இறக்கிக் கோணலாக்கித் தருகிறது. அவளுக்கு இது புதிதில்லை. மாத்திரையும் ஊசியும் ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காது லேசாகத் திறந்த மாதிரி இருந்தது. பூபதி தூங்கிக்கொண்டிருந்தான். அவள் ஆசையாக ஹெட்போனை எடுத்து மாட்டி மிருணாவைப் போட்டாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பாரிசில் வளர்ந்த பெண், 'பனிக்காலச் செருப்பு' என்று ஒரு பாட்டு. இந்தப் பத்து வருஷத்தில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும் என்றால் அதுதான், ரிஸ்வானா எவ்வளவு கத்தினாலும் அதுதான். அதில் மிருணா ஒரே வரியை இரண்டு தடவை பாடி, ஒன்றை இந்தக் காதிலும் மற்றதை அந்தக் காதிலும் வைத்திருப்பாள். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம், இந்தப் பக்கம் மூச்சு கொஞ்சம் முந்தும், அந்தப் பக்கம் ஒரு எழுத்து கொஞ்சம் பிந்தும். அக்காவும் தங்கையும் ஒரே போர்வைக்குள் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். அந்த மத்தியானம் அக்கா சரியாகப் பாடினாள். தங்கை, இடது பக்கத்துத் தங்கை, சாராயம் குடித்தவள்போல ஸ்வரம் நழுவி, தகர டப்பாவுக்குள்ளிருந்து, அக்காவைக் கேலி செய்கிற மாதிரி கூடவே இழுத்தாள். சுகந்தி ஹெட்போனைப் பிடுங்கிக் கட்டிலில் எறிந்தாள். அப்புறம் வலது காதில் மட்டும் வைத்துப் பார்த்தாள், பாதிப் பெண்தான் பாடினாள், மற்ற பாதி இருந்த இடத்தில் ஊளை உட்கார்ந்திருந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு பாட்டும் கேட்கவில்லை. பஸ்ஸில் பாட்டுப் போட்டால் இறங்கி அடுத்த பஸ்ஸில் போனாள். கேட்டால் பாட்டு கெட்டுவிடும், கெட்டது ஞாபகத்தில் ஏறி நல்லதைத் தின்றுவிடும் என்பதுதான் பயம்.

டூட் இருக்கிறதா? இல்லை. ஜெபமலர் ஏதோ திருகினாள். இப்போது மேல் ஸ்தாயிக்குப் போயிருப்பாள், போன தடவையும் இங்கே ஒன்றுமே கேட்கவில்லை. சுகந்தி காத்திருந்தாள். காத்திருக்கும்போது மனசு சும்மா இருக்கவில்லை, பாட்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டது, பஸ் நெரிசலில் கைப்பையைத் தடவிப் பார்க்கிற மாதிரி. தெற்குச் சன்னல் இருக்கிறதா, இருக்கிறது. ஈப்போ ஊரிலிருந்து வந்த அந்த மலேசியக் கூட்டம், சீனிப்பாகு, மூன்று பேர், அவர்களுடைய ஆட்டப்பாட்டு இருக்கிறதா? ரிஸ்வானாவின் பாட்டு அது, இவளுக்கு முதலில் பிடிக்கவே இல்லை, 'கொட்டாங்குச்சியில தட்டற மாதிரி இருக்குடி' என்றாள், ஆனால் ரிஸ்வானா அதைப் போட்டுத்தான் ஷார்ஜாவில் பிரசவத்துக்குப் பிறகு தனியாகக் குழந்தையை வைத்துக்கொண்டு சமாளித்தாள், குழந்தை அழுதால் அந்தப் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பாளாம். அது தெரிந்த பிறகு சுகந்திக்கும் அது நல்ல பாட்டாகிவிட்டது. ஷில்லாங் பையன்கள் இரண்டு பேர் இங்கிலீஷில் பாடினது, அர்த்தம் பாதி புரியாது, ஆனால் அதன் கடைசியில் கிட்டார் மெதுவாக ஓய்கிற இடம் இருக்கிறதே, அது இருக்கிறதா? இருக்கிறது. ஊரடங்கு வருஷத்தில் நாகர்கோவிலில் ஒருவன் போனிலேயே பாடி ஏற்றினானே, கிட்டாரில் ஒரு தந்தி இல்லாமல், கடை திறக்கவில்லை அதனால் தந்தி வாங்க முடியவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டு. அது இருக்கிறது, இரு, அந்த மேல் வரி, 'வாசல் வரைக்கும் வந்த கடல்' என்று ஏறுமே, அது எங்கே ஏறும்? அவள் மனசுக்குள் ஏற்றிப் பார்த்தாள். ஏறவில்லை. கொஞ்சம் கீழேயே நின்றது. திரும்ப ஏற்றினாள், இப்போது தாண்டிப் போய்விட்டது. தலைக்குள் பாடுவதற்குக் காது எதற்கு? காது வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள், உள்ளே இருப்பதை யாரும் எடுக்க முடியாது என்று. உள்ளேயும் போகிறதா? வலது காதில் மழை பெய்துகொண்டே இருந்தது. அவள் அந்த வரியை விட்டுவிட்டு மிருணாவுக்கு ஓடினாள், மிருணா இரண்டு பேராக நின்றாள், இருவரில் யார் சரியானவள் என்று இப்போது தெரியவில்லை. பட்டனை அமுக்கியிருந்தாள். எதற்கு அமுக்கினோம்? ஜெபமலர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள், ஒரு கணம், அப்புறம் குனிந்துகொண்டாள். அழக்கூடாது, மூக்கை உறிஞ்சினால் அந்தச் சத்தத்தில் டூட் போய்விடும்.

"சூப்பர் மேடம், இது முடிஞ்சுது. இப்ப நான் சொல்ற வார்த்தைய திருப்பிச் சொல்லுங்க. இடது காதுல மட்டும் கேட்கும்." மழை மறுபடி. அதற்குப் பின்னால் ஒரு பெண், ஜெபமலர்தான், ஆனால் கிணற்றுக்குள் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற ஜெபமலர். "மரம்." மரம் என்றாள் சுகந்தி. "பானை." பானை. போன தடவை பானை என்றால் ஆனை என்றோ பூனை என்றோதான் காதில் விழுந்தது, இது முன்னேற்றம்தானே. "..சு." பசு? காசு? தூசு? கண்ணாடியில் ஜெபமலர் தன் வாய் தெரியாதபடி ஒரு அட்டையை வைத்திருந்தாள், உதட்டைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாதாம். இந்த ஒரு மாதத்தில் சுகந்திக்கு எல்லார் உதட்டையும் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஆபீசில் மேனேஜர் பேசும்போது அவர் மீசையையே பார்க்கிறாள், அவர் சங்கடப்பட்டு மீசையைத் தடவிக்கொள்கிறார். பூபதியின் உதட்டை இத்தனை நாள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை, பேசுவதற்கு முன்னால் அது லேசாக ஒருமுறை ஒட்டிப் பிரியும். "பசு" என்றாள். தப்போ சரியோ அடுத்தது வந்தது. "..த்தி." கத்தி, புத்தி, சுத்தி. சுத்தி என்றாள். "..ல்." பல், கல், நெல், வில், புல். இந்த 'ல்' மட்டும் பளிச்சென்று வருகிறது, முன்னால் இருப்பது எங்கே விழுகிறது? ரிஸ்வானா என்று ஒரு பெயர் இருக்கிறது, அதில் எத்தனை எழுத்து விழும்? ரிஸ்வானா குரல் பதிவு மேல் குரல் பதிவாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள், டிசம்பர் ஆட்டம் ஆரம்பித்துப் பத்து வருஷம் முடிந்தது, இந்தத் தடவை ஒன்று போதாது, பத்தையும் வரிசையாகச் சொல்லு என்று. சுகந்தி ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. திறந்தால் பதில் பேச வேண்டும், பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். பதிலுக்குப் பொம்மைப் படமாக அனுப்பிச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியாக நேற்று எழுத்தில் வந்தது, 'மிருணாவ நான் போன வருஷம் திட்டினதுக்கு இன்னும் கோவமாடி?' அதற்கு என்ன படம் அனுப்புவது என்று தெரியவில்லை. "மேடம், கடைசி வார்த்தை. கேட்டுச்சா?" என்று சிவப்புப் பக்கத்தில் நல்ல ஜெபமலர் கேட்டாள். "கேட்கல" என்றாள் சுகந்தி, அந்தச் சின்ன அறையில் தன் குரல் யாருடையதோ போல் விழுந்தது.

கதவு திறந்ததும் ஆஸ்பத்திரி மொத்தமும் உள்ளே பாய்ந்தது. பூபதி எழுந்து நின்றான், அவளுடைய கைப்பை அவன் தோளில் தொங்கியது, அவன் வலது பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து நின்றுதான் பேசினான், இந்த ஒரு மாதத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவனுக்கு அது வந்துவிட்டது. "எப்படி இருந்துச்சு?" "தெரியல. நடுவுல சும்மா ஒண்ணு அமுக்கிட்டேன்." "ஒண்ணுதான?" என்றான். டாக்டர் அறையில் காகிதத்தை அவர் மேஜைமேல் திருப்பி வைத்தார். சிவப்புக் கோடு மேலே ஒழுங்காக ஓடியது. நீலக் கோடு போன தடவை முழுசாகக் கீழே படுத்திருந்தது, இப்போது முன்பாதி தலை தூக்கியிருந்தது, பின்பாதி அப்படியே சரிந்து இறங்கியது. "கீழ் ஸ்தாயி நல்லா வந்திருக்கும்மா. இதை நான் எதிர்பார்க்கல. மேல கொஞ்சம்தான். இனி அது வரலாம், வராமலும் போகலாம். பெரிசா மாறும்னு நான் சொல்ல மாட்டேன்." சுகந்தி கேட்க வந்ததை மூன்று தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "பாட்டு கோணலாக் கேக்குது டாக்டர். ரெண்டு ஸ்வரமா." அவர் பேனாவை மூடினார். "ஆமா, அப்படி ஆகும். ரெண்டு காதும் வேற வேற சேதி அனுப்புது, மூளைக்கு எதை நம்பறதுன்னு தெரியல. நிறைய பேருக்கு நாள்பட நாள்பட பழகிடும். ஆனா நீங்க கேக்காம இருந்தா எப்படிப் பழகும்?" "கேட்டா கெட்டுப்போயிடுமே" என்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று தெரிந்தது. டாக்டருக்குப் புரியவில்லை, காது கெட்டுப்போகும் என்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, "அதெல்லாம் போகாது, சத்தத்தைக் குறைச்சு வச்சுக் கேளுங்க" என்றார்.

கீழே கேன்டீனில் பூபதி இரண்டு காபி வாங்கி வந்தான். சுவர் ஓரமாக மேஜை பிடித்து, சுவர் தன் இடது பக்கம் இருக்கும்படி அவள் உட்கார்ந்தாள். கோடு பாதி ஏறியதற்கு அழுவதா, பாதி ஏறாததற்கு அழுவதா என்று தெரியாமல் காபியின் நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ரிஸ்வானா. எடுக்காமல் விடலாம். விட்டால் அடுத்து பூபதியின் போனுக்கு வருவாள், அவளுக்கு அந்த நம்பரும் தெரியும். எடுத்தாள், வலது காதில் வைத்தாள். "அப்பாடா, உசுரோட இருக்கியா? என்னடி ஆச்சு உனக்கு?" ஹாஸ்டல் மாடிப்படியில் கத்துகிற அதே குரல், ஒரு எழுத்தும் விழவில்லை. "ரிஸ்ஸு," என்றாள் சுகந்தி, "எனக்கு ஒரு காது போயிடுச்சு." அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்கில்லாமல் கொட்டியது, பல் தேய்த்தது, ஆடிட், சொட்டு மருந்து, ஊசி, குடித்துவிட்டுப் பாடுகிற மிருணா, பத்தில் ஒன்றைக்கூட இனிமேல் சொல்ல முடியாது என்பது, அவை எல்லாம் மூடி வைத்த பாத்திரம் மாதிரி இருக்கிறது, திறந்தால் ஊசிப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது என்பது. மறுபக்கம் ரொம்ப நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ, இல்லை இந்தக் காதும்தானோ என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அப்புறம் ரிஸ்வானா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இவ்வளவு நாளும் நான் என்னமோ மிருணாவுக்காக நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு... சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடி?" "சொன்னா நெசமாயிடும்ல." "ஆமா, சொல்லலேன்னா பொய்யாயிடும் பாரு." இரண்டு பேரும் சிரிக்க முயன்று விட்டுவிட்டார்கள். "சரி, பழசு எதையும் தொடாத. இப்ப ஒண்ணு அனுப்பறேன், வேலூர்ப் பொண்ணு ஒருத்தி, நேத்துதான் வந்திருக்கு. நானே ஒரு தடவதான் கேட்டேன். நீ அதக் கேளு. அது முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதுல்ல?"

பாட்டு வந்து திரையில் நின்றது, ஒரு பச்சைச் சதுரம், அதற்குள் ஒரு நாற்காலியின் படம். சுகந்தி அதைத் தொடவில்லை. பூபதி காபியை நகர்த்திவிட்டு, "ஹெட்போன் வேணுமா?" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் போனை எடுத்து, சத்தத்தைக் குறைத்து, மேஜை நடுவில் வைத்து விரலால் தட்டினான். இதுவரை அவள் கேட்கிற பாட்டு எதையும் அவன் தானாகப் போட்டதில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்பதுதான் பத்து வருஷமும் அவன் சொன்ன ஒரே கருத்து. முதலில் ஏதோ தட்டுகிற சத்தம், மரத்திலா தகரத்திலா தெரியவில்லை. அப்புறம் அடியில் பேஸ் கிட்டார், அது கொஞ்சம் புளித்த மாதிரி இருந்தது, அது அப்படித்தானா, அவள் காதா? ஒப்பிட ஒன்றும் இல்லை. அவள் ஒப்பிடத் தேடினாள், எப்போதும்போல உள்ளே ஓடித் தேடினாள், அங்கே இந்தப் பாட்டுக்கு ஒரு இடமே இல்லாமல் வெறும் தரையாக இருந்தது, அந்த வெறுமை முதலில் பயமாகவும் அப்புறம் என்னவென்று சொல்லத் தெரியாமல் லேசாகவும் இருந்தது. பெண் குரல் வந்தது. சுகந்தியின் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்தன. குரலின் ஓரம் கிழிந்திருந்தது. மேலே போகும்போதெல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது. இதோ, இதுவும் போயிற்று, நேற்று வந்த பாட்டைக்கூட நான் கெடுத்துவிட்டேன்.

"ஏங்க, அந்தப் பொண்ணு குரல்ல பிசிறு இருக்கா?"

"என்னது?"

"பாடற பொண்ணோட குரலு. கரகரன்னு, ஓரமெல்லாம் கிழிஞ்சாப்புல. நெசமாவே அப்படியா, எனக்கு மட்டுந்தானா?"

பூபதி போனைத் தூக்கித் தன் காதருகே வைத்துக்கொண்டான். பக்கத்து மேஜையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அவன் மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு, கணக்குப் போடுகிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கிக் கேட்டான். அவன் இவ்வளவு நேரம் ஒரு பாட்டைக் கேட்டு அவள் பார்த்ததில்லை. அவன் உதடு ஒட்டிப் பிரிவதற்காக அவள் காத்திருந்தாள்.

"ஆமா, கரகரன்னுதான் இருக்கு."

"எனக்காகச் சொல்லாதீங்க."

"அட, பொய் சொல்ற அளவுக்கு எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? சளி புடிச்சு, தூங்கி எந்திரிச்சு, தண்ணிகூடக் குடிக்காமப் பாடின மாதிரி இருக்கு. மேல போறப்ப ரொம்பவே பிய்யுது." அவன் போனை மறுபடி மேஜைமேல் வைத்தான். அதற்குள் பாட்டு முடிந்துபோயிருந்தது. "ஏன், இது நல்ல பாட்டா?"

சுகந்தி யோசித்தாள். தட்டல் நினைவிருந்தது, புளித்த பேஸ் நினைவிருந்தது, பிய்ந்துபோகிற அந்த இடம் இரண்டு பேருக்கும் பிய்ந்தது என்பது நினைவிருந்தது. மெட்டு பிடிபடவில்லை.

"தெரியல," என்றாள். "இன்னொருக்கா போடுங்க."